மூன்று பக்கக் கடிதத்தில் ஓர் அரை வரி

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கமுங்க. எனக்கு 43 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இன்ஜினியர். எட்டு மாதமாக ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் ரேஸ்கோர்ஸ் பக்கம் குழுவோடு 5 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 10. ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடி, ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவு ஆப்பில் போடுவது வழக்கம். இரண்டு மாதமாக, ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே இதயத்துடிப்பு 178 என்று காட்டுகிறது. முடிக்கும்வரை இறங்குவதில்லை. முன்பெல்லாம் 150-ஐத் தாண்டாது. 220-ல் வயதைக் கழித்தால் எனக்கு உச்சம் 177. அதைத் தாண்டி ஓடினால் இதயம் நின்றுவிடும் என்று ஒரு ரீல்ஸ் பார்த்ததிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடவே விடமாட்டேன் என்கிறார். வாட்ச் காட்டும் உடல்திறன் எண்ணான வி.ஓ.2 மேக்ஸும் 41-லிருந்து 33-க்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே வாட்சில் ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல். ஓடும்போது மூச்சும் வாங்குவதில்லை, குழுவில் அரசியல் பேசிக்கொண்டேதான் ஓடுகிறோம். இன்ஸ்டாகிராமில் ஒரு கோச் சொன்னபடி நிமிடத்துக்கு 180 அடி வைத்து ஓடப் பழகிய பிறகு முழங்கால் வலிகூடப் போய்விட்டது. மேம்பாலம் ஏறும்போது மட்டும் சில நாள் தொண்டைக்குழிக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும், கேஸ்தான், ஜெலுசில் போட்டுக்கொள்கிறேன். பி.பி. எல்லையில் இருக்கிறது, 142/90, மாத்திரை இல்லை. அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். வாட்சை நம்புவதா, வேண்டாமா? தினமும் 10,000 அடி கட்டாயமா? குழுவில் எல்லோரும் அடியில் கார்பன் தகடு வைத்த கார்பன் பிளேட் ஷூ வாங்குகிறார்கள், 20 ஆயிரம் ரூபாய் போட்டு நானும் வாங்கலாமா? ஸ்கிரீன்ஷாட்கள் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், கோவை.

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன்: ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள், இரண்டொரு நாளில் ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள் என்று. இந்தப் பகுதி வெளிவரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. இங்கே எழுதுவது அதற்கான காரணங்களை. வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. உங்களைப் போலவே வாட்சைப் பார்த்துக் கலங்கி, உடம்பு சொல்வதைக் 'கேஸ்' என்று தள்ளிவிடுகிறவர்களை என் ஓ.பி.யில் வாராவாரம் பார்க்கிறேன்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டரைப் பக்கம் 178 என்ற எண்ணைப் பற்றியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது மேம்பாலத்து இறுக்கத்தைப் படித்தபோதுதான். ஏறும்போது வருகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் போகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், வேறு ஏதோ என்று நிரூபணம் ஆகும்வரை அதை இதயத்திலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஆஞ்சைனா என்கிறோம்.

1768-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், அங்கிருந்த மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட பிறகு, நெஞ்சை நெரிக்கிற மாதிரி ஓர் உபாதை வருகிறது, நின்ற உடனே போய்விடுகிறது என்று தன் நோயாளிகள் சொன்னதை அப்படியே எழுதி, அதற்கு ஆஞ்சைனா என்ற பெயரையும் வைத்தார். அன்றைக்கு ஈ.சி.ஜி. கிடையாது, ஸ்டெதஸ்கோப்கூட கிடையாது, அது 1816-ல்தான் வந்தது. நோயாளி வாயால் சொன்னதை வைத்தே எழுதிய அந்த விவரிப்பு இன்றும் ஏறக்குறைய அப்படியே செல்லுபடியாகிறது. நீங்கள் எழுதிய வரியை ஹெபர்டனிடம் காட்டியிருந்தால் அவரும் என்னைப் போலத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

உள்ளே நடப்பது இதுதான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயில் கொழுப்பு படிந்து சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது தேவைக்கு ரத்தம் போய்விடும், ஒன்றும் தெரியாது. சமதளத்தில் மிதமாக ஓடும்போதுகூடத் தாக்குப்பிடிக்கலாம். மேடு ஏறும்போது தேவை சட்டென்று கூடுகிறது, வரத்து கூடுவதில்லை. தசை தவிக்கிறது. அந்தத் தவிப்பு நெஞ்சில்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. தொண்டை, தாடை, இடது தோள், முதுகு, மேல்வயிறு என்று எங்கேயும் தெரியலாம். பலர் அதை 'வலி' என்றே சொல்வதில்லை. 'வலி இருக்கிறதா?' என்று கேட்டால் 'இல்லை டாக்டர்' என்பார்கள். 'இறுக்கமா, பாரமா, எரிச்சலா?' என்று கேட்டால்தான் ஆமாம் என்பார்கள்.

கேஸ் என்று நீங்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. இறுக்குகிறது, நிற்கிறீர்கள், ஜெலுசில் போடுகிறீர்கள், போய்விடுகிறது. பெயர் ஜெலுசிலுக்குப் போகிறது. உண்மையில் உங்களுக்கு ஆறுதல் தந்தது நின்றதுதான். வயிற்று அமிலம் மேலே வந்தும் ஓடும்போது எரிச்சல் உண்டாகலாம், ஆஸ்துமாவும் நெஞ்சை இறுக்கலாம். உங்களுக்கு அப்படியேகூட இருக்கலாம். ஆனால் வயிற்றுக்கு மேம்பாலம் எது, சமதளம் எது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. முதலில் இதயத்தைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவது முறை.

இதோடு உங்கள் குடும்ப வரலாற்றைச் சேர்த்துப் பாருங்கள். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் கரோனரி நோய் வந்திருந்தால் அதைத் தனிக் காரணியாகவே கணக்கில் எடுப்போம். உங்கள் அப்பாவுக்கு 52. போதாததற்கு நம் பக்கத்து மக்களுக்கு இந்த நோய் சீக்கிரமே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்குப்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி.

'தினமும் ஓடுகிறேனே, எனக்கு எப்படி?' என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் 1970-களில் சாதாரண மக்களை ஓட வைத்ததில் ஜிம் ஃபிக்ஸ் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. பருத்த உடம்பும் சிகரெட்டுமாக இருந்தவர், 35 வயது வாக்கில் ஓட ஆரம்பித்து ஆளே மாறிப்போனார். 1984 ஜூலையில், 52 வயதில், வெர்மான்ட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கரோனரி குழாய்கள் மோசமாக அடைபட்டிருந்தது தெரிந்தது. அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்தது 43 வயதில். ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்று அன்றைக்குப் பலர் கேலி செய்தார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடாமல் இருந்திருந்தால் அப்பாவின் வயதைத் தாண்டியிருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் ஓட்டம் பழைய படிவுகளைக் கழுவி எடுத்துவிடும் என்று நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தப்பு.

இதைப் படிக்கும் மற்ற ஓட்டக்காரர்கள் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓட்டத்தின்போதோ முடித்த உடனேயோ இதயம் நின்றுபோனது 59 பேருக்கு, இறந்தவர்கள் 42 பேர். இதயம் நின்றது ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற கணக்குதான். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் ஓடுவதில் ஆபத்து அவ்வளவு குறைவு. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது. அதனால் அந்த ஆறுதல் கணக்கில் நீங்கள் இப்போதைக்குச் சேர்த்தி இல்லை.

என்ன பரிசோதனை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். பொதுவாக ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும். அதன் பிறகு டிரெட்மில் சோதனையோ, கரோனரி குழாய்களைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவோ. வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற ஒருவகை ரத்தக் கொழுப்பைப் பார்ப்பதும் உங்களைப் போன்ற குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு நல்லது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓய்வு நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்தால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இறுக்கம் இல்லாத நேரத்தில் எடுக்கிற ஈ.சி.ஜி. ஆஞ்சைனாக்காரர்கள் பலருக்கும் நார்மலாகத்தான் இருக்கும்.

வாட்ச் ஈ.சி.ஜி.க்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசமாக. ஆஸ்பத்திரியில் பத்து எலெக்ட்ரோடுகள் ஒட்டி, பன்னிரண்டு கோணங்களில் இதயத்தைப் பார்க்கிறார்கள். வாட்ச் இரண்டு கைக்கும் நடுவே ஒரே ஒரு கோணத்தில் பார்க்கிறது. துடிப்பின் ஒழுங்கு கெட்டிருக்கிறதா, குறிப்பாக இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்று பிடிக்க அது உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஐந்தோவன் உருவாக்கிய முதல் ஈ.சி.ஜி. கருவி கால் டன்னுக்கு மேல் எடை, இயக்கவே ஐந்து பேர் வேண்டியிருந்தது. அது இன்று மணிக்கட்டுக்கு வந்திருப்பது பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் 'சைனஸ் ரிதம்' என்று அது சொன்னால் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று மட்டுமே பொருள். குழாய் அடைத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆப்பிள் தன் வாட்ச் ஆப்பிலேயே இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று எழுதி வைத்திருக்கிறது. நாம்தான் அந்தத் திரையை ஓ.கே. தட்டித் தாண்டிவிடுகிறோம்.

சரி, இனி உங்கள் 178.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் இதயத்துடிப்புக் கோடு இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் 140 சொச்சத்திலிருந்து ஒரே தாவாக 178-க்கு ஏறி, அங்கேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்கிறது. இன்னொன்றில் அடி எண்ணிக்கை, வாட்ச் கேடன்ஸ் என்று காட்டுவது. அதன் சராசரியும் 178. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாது. சிக்னலில் நின்ற இடத்தில் இரண்டும் ஒரே நொடியில் விழுகின்றன. ஓட்டத்தை முடித்த இடத்தில் பத்தே விநாடியில் துடிப்பு 178-லிருந்து 124-க்கு இறங்கியிருக்கிறது. மனித இதயம் அப்படி இறங்காது. நல்ல உடல்திறன் உள்ளவருக்கே முதல் நிமிடம் முழுவதிலும் இருபது, முப்பது, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

உங்கள் வாட்ச் இரண்டு மாதமாக உங்கள் காலடியை எண்ணி, அதையே இதயத்துடிப்பு என்று காட்டிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 180 அடி என்ற பழக்கத்தை நீங்கள் தொடங்கியதும் இரண்டு மாதத்துக்கு முன்புதான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓட்டக்காரர்கள் மத்தியில் இதற்குக் கேடன்ஸ் லாக் என்றே பெயர் உண்டு.

வாட்சைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள், பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். பக்கத்திலேயே இருக்கும் சென்சார் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். திரும்பி வரும் ஒளியில் துடிப்பால் மாறுவது மிகச் சிறிய பங்குதான், மீதி முழுக்க மாறாத ஒளி. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் கை அதிர்கிறது, வாட்ச் தோலை விட்டு ஒரு மயிரிழை விலகி ஒட்டுகிறது, தோலடி ரத்தமும் குலுங்குகிறது. இந்த அசைவு உண்டாக்கும் ஏற்ற இறக்கம் துடிப்பினுடையதைவிடப் பெரியது. அசைவைக் கழித்துப் பார்க்க வாட்சுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அடி எண்ணிக்கை ஒரே சீராக, பலமாக, இதயத்துடிப்பு இருக்கக்கூடிய அதே வரம்புக்குள் வந்தால் கணக்கு ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. டெஸ்ட் பெட்டில் ஒரு பம்பின் அதிர்வை அளக்க சென்சார் வைத்து, பக்கத்து பெட்டில் ஓடும் பெரிய மோட்டாரின் ஆர்.பி.எம்.-ஐ வாசித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதேதான் இது. உங்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

178 உண்மையாக இருந்தால் நீங்கள் அரசியல் பேசிக்கொண்டு ஓட முடியாது. உச்சத் துடிப்பில் ஓடுகிறவருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வாயில் வராது. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஓடுகிறவரையே கேட்டு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வைத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத்துடிப்பு வரும்படி அமைத்தது அவர் சாமர்த்தியம். 'கொஞ்சம் சிரமம்' என்றால் 13, அதாவது 130-ஐ ஒட்டி. பேச முடிகிற ஓட்டம் அங்கேதான் எங்காவது இருக்கும். அந்த அளவுகோலுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

மருத்துவர் அனுமதித்து, மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். சந்தேகம் வந்தால் நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ நாடியைப் பிடித்துப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். எண்ணே முக்கியம் என்றால் நெஞ்சுப் பட்டை வாங்கிக்கொள்ளலாம். அது ஒளியைப் பார்ப்பதில்லை, ஈ.சி.ஜி. போல மின்துடிப்பையே நேரடியாகப் பிடிக்கிறது, அதனால் காலடி அதை அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. இந்தச் சோதனைகள் எதையும் இப்போது ஓடிப் பார்க்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டிலேயே விடை இருக்கிறது.

வி.ஓ.2 மேக்ஸ் இறங்கியதற்கும் இங்கேயே விடை. உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது அந்த அளவு. 1920-களில் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் இங்கிலாந்தில் தொடங்கி வைத்த வேலை அது. முறையாக அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் முடியாத கட்டம்வரை ஓடவிட்டு, விடும் மூச்சை ஆராய வேண்டும். வாட்ச் ஆக்சிஜனை அளப்பதே இல்லை. இந்த வேகத்துக்கு இந்தத் துடிப்பு என்றால் திறன் இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. துடிப்பு 145 இருந்த இடத்தில் 178 என்று தப்பாகக் கொடுத்தால், 'பாவம், இதே வேகத்துக்கு இவ்வளவு திணறுகிறார்' என்று 33-க்கு இறக்கிவிடுகிறது. அந்த 33-க்காக நீங்கள் தூக்கம் கெட்டது வீண்.

220-ல் வயதைக் கழிக்கும் கணக்கு 1971-ல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய ஆய்வாளர்கள் வேறு பல ஆய்வுகளின் புள்ளிகளைச் சேர்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001-ல் தனாகா குழுவினர் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். உங்கள் வயதுக்கு இரண்டும் ஒன்றுதான், 177, 178. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 155, இரண்டாவதில் 162 என்று விலகும். எந்தக் கணக்காக இருந்தாலும் தனி மனிதருக்குப் பத்து, பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். இது தாண்டினால் வெடிக்கும் எல்லைக்கோடும் கிடையாது. உங்கள் இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க முடியுமோ அதுதான் உச்சம். ஒருவர் உண்மையிலேயே சூத்திரத்தைத் தாண்டினால் சூத்திரம் அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ரீல்ஸ் போட்டவருக்கு இது தெரிந்திருக்கலாம், ஆனால் 'சூத்திரம் தோராயமானது' என்று போட்டால் யார் பார்ப்பார்கள்?

180 அடி விஷயமும் இப்படித்தான் பெருகியது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் உட்கார்ந்து வீரர்களின் அடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் 180-ஓ அதற்கு மேலோ வைத்தார்கள். அது உலகத்தரமான வீரர்கள் போட்டி வேகத்தில் வைத்த அடி. அதை எல்லோருக்கும் விதியாக்கியது பின்னால் வந்தவர்கள். இருந்தாலும் உங்கள் கோச் சொன்னதில் பலன் இருந்திருக்கிறது. ஒவ்வொரு எட்டின் நீளத்தைக் குறைத்து அடி எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறையும், அது ஆய்வுகளில் உறுதியானது. அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

10,000 அடி: 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலேயே இருந்த எண் அது. மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கார்பன் ஷூ இப்போது வேண்டாம். கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை முடித்தது அந்த ரக ஷூவோடுதான், அடுத்த ஆண்டே உலக தடகள அமைப்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான அடிப்பாகம் கூடாது என்று கட்டுப்பாடு போட்டதும் அதனால்தான். பலன் இருக்கிறது, முக்கியமாக வேகமாக ஓடுகிறவர்களுக்கு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்து, பேசிக்கொண்டு ஓடுகிற உங்களுக்கு அது மிச்சப்படுத்தப் போவது சொற்பம். 20 ஆயிரத்தைப் பரிசோதனைகளுக்கு எடுத்து வையுங்கள்.

உங்கள் ஓட்டக் குழுவுக்கும் ஒரு வார்த்தை. ஸ்ட்ராவாவில் போடுவது தப்பில்லை, அந்த உற்சாகத்தில்தான் பலர் படுக்கையை விட்டு எழுகிறார்கள். வீட்டு வாசலிலிருந்தே பதிவை ஆரம்பிக்காதீர்கள், தொடங்கும் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. அந்த ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் சிப்பாய்கள் ஓடிய தடங்களை வைத்து ராணுவ முகாம்கள் இருக்கும் இடமே 2018 ஜனவரியில் தெரிந்துபோயிற்று. எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. குழுவில் யார் எந்தக் கிலோமீட்டரை எத்தனை விநாடியில் ஓடினார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவர் விழுந்தால், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். முதலுதவி செய்ய எத்தனை பேருக்குத் தெரியும்? நான் மேலே சொன்ன அந்த அமெரிக்கக் கணக்கெடுப்பில், பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தியதற்குப் பெரிய பங்கு இருந்தது. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒரு ஞாயிறு ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு ஒரு பயிற்சியாளரை அழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், சாப்பிட்ட உடனே வேண்டாம். மேம்பாலம் வேண்டாம். இறுக்கம் முன்பைவிடக் குறைந்த சிரமத்துக்கே வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ 108. நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இணையத்தில் பார்த்து ஆஸ்பிரினோ வேறு மாத்திரையோ தினமும் போட ஆரம்பிக்காதீர்கள். பி.பி.யை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 142/90 என்பதை எல்லை என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் குடும்ப வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது நிச்சயமாக இல்லை.

மருத்துவரிடம் போனதும் போனை நீட்டி கிராஃபைக் காட்டத் தொடங்காதீர்கள். அவருக்கு இருக்கிற நேரம் அதிலேயே போய்விடும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, எந்த மேட்டில், எவ்வளவு நேரம், எங்கே பரவுகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது. அப்பாவின் ஸ்டென்ட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'கேஸ்தான் டாக்டர்' என்று நீங்கள் ஆரம்பித்தால் திருத்துவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.